புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் பிடி கைக்கு அமைந்துவிட்டது

மகளின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மரப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது, சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கை வீட்டிலேயே வைத்து அடைக்கலாமா என்று கேட்டிருந்தேன். காட்பாடி வீட்டுச் சமையலறையிலேயே முடித்தாயிற்று. நன்றாக வந்திருக்கிறது.

குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, பிடியை மட்டும் தனியாகக் கழற்றினோம். உள்ளங்கை படும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். சூட்டில் இளகும் அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகேப்ரோலாக்டோன், சிறு மணிகளாக இருக்கும். அதை வெந்நீரில் போட்டேன். 60 டிகிரியிலேயே இளகும், கொதிநீர் தேவையில்லை. வெள்ளை மணிகள் கண்ணாடிபோல் ஆனதும் கரண்டியால் எடுத்து, உள்ளே இருக்கும் நீர் போகப் பிசைந்து, மரத்தில் அப்பினேன். கை பொறுக்கும் சூடு வந்ததும், அவள் கையை நனைத்துக்கொண்டு, சுடும் நிலையில் நின்று பிடித்தாள். மேசையில் உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணமே மாறிவிடும், இதுதான் முக்கியம். மீண்டும் வெள்ளையாகும்வரை அசையக் கூடாது. அப்புறம், டிரிகர் விரல் மரத்தில் உரசாமல் நேர் பின்னால் வருகிறதா என்று பார்த்தோம். கட்டைவிரல் அடியில் இருந்த மேட்டை மட்டும் ஹேர் டிரையரால் இளக்கி அமுக்கினேன்.

வேலூர் வெயில் தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளியே 40 டிகிரிக்கு ஒன்றும் ஆகாது. கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். போட்டிக்குப் போகிறவர்கள் துப்பாக்கியை எடை போட்டுக்கொள்ளுங்கள், வரம்பு 5.5 கிலோ.