புள்ளுவன்: வேடனா, வஞ்சகனா?

பொதிகைச்சாரல்:
பிள்ளைகளுக்கான பழஞ்சொல் பட்டியலில் "புள்ளுவன் – பறவை பிடிப்பவன்" என்று போட்டிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ள முடியாது. அப்பர் ஐம்புலன்களைப் "புள்ளுவர் ஐவர் கள்வர்" என்கிறார். கள்வரோடு சேர்த்துச் சொன்னால் வஞ்சகர் என்றுதானே பொருள்?

நாங்குநேரியான்:
சொல்லின் அமைப்பைப் பாருங்க அண்ணாச்சி. மருத்துவன் செய்வது மருத்துவம். அதே வார்ப்பில் புள்ளுவன் செய்வது புள்ளுவம். பகுதி புள், அதாவது பறவை. புள்ளுவம் என்றால் வஞ்சகம் என்று ஆனது அந்தத் தொழிலால்தான்.

கவுதாரி பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்க. பழக்கின ஆண் கவுதாரியைக் கூண்டோடு புதரோரம் வைத்து, சுற்றிலும் சுருக்குக் கண்ணி நடுவார்கள். கூண்டுக்குள் இருப்பது கூவும். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவந்து காலை மாட்டிக்கொள்ளும். கண்ணி தரையோடு படிந்து கிடந்தால் கால் நுழையாது. உச்சிவெயிலில் வைத்தால் கூண்டுப் பறவை வாயே திறக்காது. விடியலும் அந்தியும்தான் நேரம். இதில் இரை என்று எதுவுமே இல்லை, முழுக்க ஏமாற்று.

பொதிகைச்சாரல்:
வார்ப்பு பொருந்துகிறது, சரி. ஆனால் புள் என்பதற்கு நிமித்தம், அதாவது சகுனம் என்றும் பொருள் உண்டே. புறநானூறு 124-இல் "நாளன்று போகிப் புள்ளிடை தட்ப" (நல்ல நாளல்லாத நாளில் போய், பறவைச் சகுனம் இடையில் தடுக்க) என்று கபிலர் பாடுகிறார். புள்ளுவன் குறி பார்ப்பவனாக இருந்திருக்கலாம். கேரளத்துப் புள்ளுவர் சர்ப்பக்காவில், அதாவது நாகத்தை வழிபடும் தோப்பில், குடமும் வீணையும் வைத்துப் பாடுகிறவர்கள். பறவை பிடிப்பது அவர்கள் தொழில் இல்லை.

தேரிமணல்:
இடையில் ஒன்று. பறவை வேடனுக்குச் சங்கப் பாட்டில் தெளிவான பெயர் "பார்வை வேட்டுவன்". நற்றிணை 312-இல் மழை இரவில் பார்வைக் குருகின் கட்டை அவிழ்த்து விடுகிறவன் அவன். இங்கே பார்வை என்றால் கண்பார்வை இல்லை. மற்றதை இழுக்கப் பழக்கி வைத்த பறவை. "கூர்ந்து பார்க்கும் வேடன்" என்று உரை எழுதிவிடக் கூடாது. நாங்குநேரியான் சொன்ன கூண்டுக் கவுதாரிதான் அந்தப் பார்வை. பட்டியலில் இதைப் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

நாங்குநேரியான்:
அதையும் போடலாம், மறுக்கவில்லை. ஆனால் அப்பர் பாட்டை முதல் அடியோடு நிறுத்தக் கூடாது. புள்ளுவர் புனத்தில் புகுந்து சூறையாடுகிறார்கள். அவர்களை முக்கணான் பாத நிழலில் "மறைந்து நின்று" எய்யலாம் என்று முடிகிறது. மறைந்து நின்று எய்வது வேட்டைதானே? வஞ்சகர் என்று மட்டும் எடுத்தால் அந்தக் கடைசி அடியின் அழகு போய்விடும்.

பொதிகைச்சாரல்:
புனத்தைச் சூறையாடுகிறவன் கள்வன், எய்கிறவன்தான் வேடன். அந்தப் பாட்டில் இரண்டும் வேறு ஆட்கள். அங்கே வஞ்சகன் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வேர்ப்பொருளில் வேடன் இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். பட்டியலில் இரண்டு பொருளையும் எண்ணிட்டுப் போடுங்கள்.

தேரிமணல்:
கூடவே "பழைய வழக்கு" என்று குறிப்பும் வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் திருட்டுத்தனமாகக் கண்ணி வைக்கிறவனை இந்தப் பெயரால் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். புள்ளுவர் இன்றும் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் செய்தவனுக்கு வேட்டைக்காரன் என்ற சொல்லே போதும்.