ரஷ்யாவில் குழந்தையைத் தத்தெடுக்கப் போகும் அக்கா குடும்பம்: சட்டம், பெயர், பழக்கவழக்கம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேன்மொழி_72 (கேள்வி)

வணக்கம். அக்காவும் அத்தானும் பல வருடங்களாக எகாதெரின்பூர்கில் வசிக்கிறார்கள். பூர்வீகம் தமிழ்நாடு, ஆனால் இருவருமே ரஷ்யக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். 4 முதல் 7 வயதுக்குள் ஒரு குழந்தையை அங்கேயே தத்தெடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். நடைமுறை என்ன, எங்கே இழுத்தடிக்கும்? மருத்துவக் குறிப்புகளை எப்படிப் படிப்பது? அதைவிட முக்கியமாக, குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து போகும் அம்மா, அப்பா, நான் எல்லாரும் என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும்? பாசத்தில் ஏதாவது செய்து குழந்தையைக் கலங்கடித்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

யூரல்வாசி

இருவரும் ரஷ்யக் குடிமக்கள் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. வெளிநாட்டவருக்கான தடைகள் அவர்களுக்குப் பொருந்தாது, உள்நாட்டு நடைமுறைதான்.

முதலில் வளர்ப்புப் பெற்றோர் பள்ளி. 2012 செப்டம்பர் 1 முதல் இது கட்டாயம். 30 முதல் 80 மணி நேரம், கட்டணம் இல்லை. அதன் சான்றிதழோடு வசிக்கும் பகுதியின் ‘அப்யேகா’வுக்குப் போக வேண்டும். பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகளுக்குப் பொறுப்பான அரசு அலுவலகம் அது. சுயவிவரம், வருமானச் சான்று, வீடு பற்றிய ஆவணம், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, 164/உ படிவத்தில் மருத்துவ அறிக்கை எல்லாம் கேட்பார்கள். வீட்டைப் பார்க்கவும் வருவார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான். மற்ற ஆவணங்கள் ஒரு வருடம் செல்லும். மருத்துவ அறிக்கை ஆறு மாதம்தான். முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டுப் பிறகு பள்ளியில் சேர்ந்தால், பள்ளி முடியும்போது அறிக்கை காலாவதியாகி நிற்கும். பள்ளியை முக்கால்வாசி முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அப்யேகா தரும் ‘தகுதி உண்டு’ என்ற முடிவுரை 2 வருடம் செல்லும். அதை வைத்துக்கொண்டு நாட்டின் எந்தப் பகுதியிலும் குழந்தையைத் தேடலாம். கூட்டாட்சித் தரவு வங்கியில் ஒவ்வொரு குழந்தைக்கும் படத்தோடு ஒரு பக்கம் இருக்கும். படத்தைப் பார்த்து மனம் போய்விடும், அது இயல்புதான். ஆனால் கீழே ‘எந்த வகையில் குடும்பத்தில் வைக்கலாம்’ என்ற வரியை முதலில் படிக்க வேண்டும். அங்கே ‘அப்யேகா’ என்று மட்டும் இருந்தால், அலுவலகத்தைச் சொல்லும் அதே சொல் காப்பாளர் பொறுப்பைக் குறிக்கிறது, தத்தை அல்ல. இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள்; நீதிமன்றம் அவர்களின் பெற்றோர் உரிமையைப் பறித்திருக்கும். அந்தத் தீர்ப்பு வந்து ஆறு மாதம் கழியாமல் தத்துக்கு அனுமதி இல்லை. உடன்பிறந்தவர் இருந்தால் பிரிப்பதும் சட்டப்படி விதிவிலக்குதான், எனவே ஒரு குழந்தைக்குப் போய் இரண்டு பேரைப் பற்றி யோசிக்க வேண்டி வரலாம்.

தீர்ப்பு சொல்வது குழந்தை இருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றம். விசாரணை மூடிய அறையில், கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டுக்கான ஒரு மாதம் கழிந்ததும் தீர்ப்பு நடைமுறைக்கு வரும். பிறகு ‘ஸாக்ஸ்’ எனும் பதிவு அலுவலகத்தில் புதிய பிறப்புச் சான்றிதழ்.

தத்தா, காப்பாளர் பொறுப்பா என்று முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆதரவற்ற குழந்தை என்ற நிலையில் வளர்ந்து பெரியவராகும்போது அரசு வீடு பெறும் உரிமை உண்டு. காப்பாளரிடம் வளர்ந்தால் அது தொடரும், தத்தெடுத்தால் போய்விடும். அதற்காகத் தத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. நிரந்தரமான அப்பா அம்மாவைவிட எந்த வீடும் பெரிதல்ல.

செங்காந்தள்

இடையில் ஒரு கேள்வி. இந்தியக் குடியுரிமையோடு இங்கிருந்து விண்ணப்பிக்க முடியுமா?

யூரல்வாசி

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கக் குடிமக்களுக்குத் தடை. பிறகு 2024 நவம்பரில் வந்த சட்டம், பாலின மாற்றத்தை அனுமதிக்கும் நாடுகளின் குடிமக்கள் எல்லாருக்கும் கதவைச் சாத்தியது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணங்களில் பாலினத்தை மாற்ற வழி செய்கிறது, ஆகவே இந்தியாவும் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் ரஷ்யா 2000-இல் கையெழுத்திட்டதோடு சரி, உறுதிசெய்யவே இல்லை. ‘எல்லாம் முடித்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள்.

மருந்துச்சீட்டு

மருத்துவக் குறிப்பைப் பற்றி. ‘பெரினாட்டல் என்செஃபலோபதி’ (பிறப்பை ஒட்டிய மூளைப் பாதிப்பு) என்று படித்ததும் பலர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். ரஷ்ய மருத்துவத்தில் அதைப் பிறந்த குழந்தைகளுக்கு மிகத் தாராளமாக எழுதிவந்திருக்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் மூளை பாதிப்புக்கு அத்தாட்சி இல்லை. ‘ஸெ-பெ-எர்’ என்ற சுருக்கம் மனவளர்ச்சித் தாமதம், ‘ஸெ-எர்-எர்’ பேச்சுத் தாமதம். நாள் முழுக்கப் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்று வளர்ந்த குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில் வியப்பில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு வேகமாக ஈடுகட்டுகிறது என்பதுதான் உண்மையான அளவுகோல்.

எழுத்தைவிட எண்களைப் பாருங்கள். பிறந்தபோதும் அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் எடுத்த உயரம், எடை, தலைச்சுற்றளவு. உயரம் பின்தங்கியிருந்து தலை சீராக வளர்ந்திருந்தால் விடுதி வாழ்க்கையின் பாதிப்பாக இருக்கலாம். நல்ல சாப்பாட்டிலும் அணைப்பிலும் பெரும்பாலும் சரியாகும். தலைச்சுற்றளவே தொடக்கத்திலிருந்து மிகச் சிறியதாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய் குடித்ததன் அடையாளங்களையும் முகத்தில் பார்ப்பார்கள்: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் வழவழவென்று தட்டையாக இருப்பது, மேலுதடு கோடு போல மெலிந்திருப்பது, கண் திறப்பு குறுகலாக இருப்பது. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்திருந்தால் நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். குழந்தை இருக்கும் விடுதியின் பிரதிநிதி உடனிருக்க, வெளி மருத்துவரை வைத்துத் தனியாகப் பரிசோதிக்கும் உரிமை தத்தெடுப்பவருக்கு உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பிர்ச்நிழல்

பழக்கவழக்கம் பற்றிக் கேட்டதற்கு என் பதில். முதலில், ‘ரஷ்யக் குழந்தை’ என்றால் ரஷ்ய இனக் குழந்தை என்று முடிவு கட்டாதீர்கள். தாத்தாராக, பாஷ்கீராக, புர்யாத்தாக, துவா இனமாக இருக்கலாம். தாத்தார் குழந்தைக்கு சபன்துய் திருவிழா, புர்யாத் குழந்தைக்குச் சந்திரப் புத்தாண்டான சகால்கன் என்று பண்பாடே வேறு. ஆவணங்களில் தாயின் பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்து, இனம் எது என்று விசாரிக்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட சிறுவர் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மனதில் ஒரு சோவியத் சித்திரம் இருக்கும். அது அழகானது, ஆனால் இன்றைய குழந்தை அதிலிருந்து வரவில்லை.

பெயர். ரஷ்யாவில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே தந்தைவழிப் பெயர் வரும். அத்தான் பெயர் குமார் என்றால், அனஸ்தசியா என்ற சிறுமி ‘அனஸ்தசியா குமாரொவ்னா’ ஆவாள். பையன் என்றால் ‘குமாரொவிச்’. இது கேட்க நன்றாகவே இருக்கிறது. முதல் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். 10 வயதானால் குழந்தையின் சம்மதமே சட்டப்படி தேவை. 5 வயதுக் குழந்தைக்கும் அது ஒன்றுதான் சொந்தமாக மிஞ்சிய பொருள். வீட்டில் அனஸ்தசியாவை நாஸ்த்யா என்பார்கள், மரீயாவை மாஷா, இவானை வான்யா. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று குழந்தை நினைக்கும். எனவே அம்மா, அப்பா இருவரும் செல்லப் பெயரையே பழகட்டும்.

தமிழ்க் காதுக்கு ஒரு சிக்கல். குழந்தை அம்மாவை ‘மாமா’ என்றும் அப்பாவை ‘பாபா’ என்றும் அழைக்கும். பின்னது நம் காதில் ‘பாப்பா’ போலவே விழும். அக்காவைப் பார்த்து ‘மாமா’ என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டால், அந்தச் சொல்லை முதன்முறையாக ஒருவரிடம் சொல்லிப் பார்த்த குழந்தை வாயை மூடிக்கொள்ளும். யாரும் சிரிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. அதே மாதிரி ‘வாடா, போடா’வில் உள்ள ‘டா’ அதற்கு ‘ஆமாம்’ என்று கேட்கும். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ‘சரி’ என்பது அதற்கு ‘இல்லை’. ‘சாக்லேட் வேண்டுமா, தரட்டுமா’ என்று கேட்டுத் தலையை ஆட்டினால், கொடுத்துப் பிடுங்கியது போல ஆகிவிடும். வாயால் ‘தா’ (da) என்று சொல்லுங்கள், அங்கே ‘ஆமாம்’ அதுதான்.

தேன்மொழி_72

‘மாமா’ விஷயம் யாருக்கும் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. சாப்பாடு, மொட்டை, காதுகுத்து இதெல்லாம் அம்மா கேட்கிறார்.

பிர்ச்நிழல்

மொட்டை இப்போது வேண்டவே வேண்டாம். விடுதிகளில் முடியை ஒட்ட வெட்டுவது உண்டு; வீட்டுக்கு வந்து வளரும் முடி அந்தக் குழந்தைக்குப் பெரிய விஷயம். வேண்டுதல் இருந்தால் பெரியவர்கள் தங்கள் முடியைக் கொடுக்கட்டும். காதுகுத்தும் ஒரு வருடம் போகட்டும், அதுவும் குழந்தை தானாகக் கேட்டால்.

சாப்பாட்டில் முதல் மாதங்களுக்குப் பழகிய நேரத்தை மாற்றாதீர்கள்: காலை, மதியம், மாலை நாலு மணி வாக்கில் ‘போல்த்னிக்’ சிற்றுண்டி, இரவு. மதியம் சாப்பிட்டதும் தூக்கம். காலையில் ‘மான்னயா காஷா’ நம் ரவைக் கஞ்சிதான். அரை லிட்டர் பாலுக்கு 3 மேசைக்கரண்டி மெல்லிய ரவை, ஒரு கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு. பால் பொங்கும் முன் தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையை மழை போலத் தூவி மறுகையால் கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். மேலே ஒரு துண்டு வெண்ணெய். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டி இருந்தால் தட்டைத் தள்ளிவிடும் குழந்தைகள் அங்கே ஏராளம். ஏலக்காயும் வேண்டாம். மதியம் ‘க்ரெச்கா’ தானியம் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், மூடி போட்டு மெல்லிய தீயில் 15 முதல் 20 நிமிடம், கிளறக் கூடாது. மிளகாய் அறவே இல்லாமல் தொடங்கி, பருப்புச் சோறும் தயிரும் மெதுவாக அறிமுகப்படுத்தலாம்; கெஃபிர் எனும் புளித்த பால் குடித்துப் பழகிய வாய்க்குத் தயிர் சுலபம்.

அம்மா ஊட்டிவிட ஆசைப்படுவார். குழந்தை தானாக வந்து கேட்கும்வரை பொறுக்கட்டும். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு கிடந்தால் திட்டாமல், எடுக்காமல், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பா வையுங்கள். அதில் ‘சூஷ்கி’ எனும் வளைய பிஸ்கெட் எப்போதும் நிறைந்திருக்கட்டும். டப்பா காலியாகாது என்று நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆகும்.

விழா: அவர்களுக்குப் பெரியது டிசம்பர் 31 இரவு. அலங்கரித்த மரம், தேத் மரோஸ் தாத்தா, பேத்தி ஸ்னெகூரச்கா. கிறிஸ்துமஸ் ஜனவரி 7. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னால்கூடச் சொல்லாதீர்கள், கெட்ட சகுனம். பூ கொடுத்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படை சாவுக்கு.

யூரல்வாசி

ஒன்று விட்டுப்போனது. தத்தெடுத்த செய்தியைத் தத்தெடுத்தவர்களின் விருப்பத்துக்கு மாறாக வெளியிடுவது அங்கே சட்டப்படி தண்டனைக்குரியது. குடும்பச் சட்டத்தின் 139-வது பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. அக்கா வீட்டில் நிறமே காட்டிக்கொடுக்கும் என்றாலும், யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்வது அக்காவும் அத்தானும்தான். ஊரில் உள்ளவர்கள் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். குழந்தையிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். விடுதியை விட்டுக் கிளம்பும் நாளில் பராமரிப்பாளர்கள், தூங்கிய கட்டில், ஜன்னல், கூட விளையாடிய இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றக் குழந்தைகளின் முகம் வேண்டாம். உடுத்தியிருந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வைக்கலாம். முதல் வார இரவுகளில் அந்த வாசனை தேவைப்படும்.