கிளாமிடோமோனாஸ் நீச்சலும் நீர்நாய் நீச்சலும்: எப்படி ஒப்பிட்டுக் காட்டலாம்?

காட்பாடி அறிவியல்:
பதினொன்றாம் வகுப்புக் கண்காட்சிக்கு கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசி, நீர்நாய் இவை இரண்டையும் எடுத்திருக்கிறோம். ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு என்பதைத் தாண்டி எதைக் காட்டலாம்? ஏரித் தண்ணீரிலிருந்து பாசியைப் பிரித்தெடுப்பது எப்படி?

பாலாற்று மணல்:
இரண்டுக்கும் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை சார், அதைத்தான் காட்ட வேண்டும். நீளத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எழுதிப் பெருக்கி, அதைப் பத்து லட்சத்தால் பெருக்குங்கள். தண்ணீரில் ரெனால்ட்ஸ் எண் அதுதான்; போகும் வேகத்தின் உந்தல் பெரிசா, தண்ணீரின் பிசுபிசுப்பு பெரிசா என்று அது சொல்லும். 60 செ.மீ. நீர்நாய் நொடிக்கு 1 மீட்டர் போனால் 6 லட்சம். 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பாசி நொடிக்கு 100 மைக்ரான் போனால் 0.001. நீர்நாய் காலை நிறுத்தினாலும் வழுக்கிக்கொண்டு போகும். பாசியின் கசையிழை (சாட்டை போல ஆடி அதை நகர்த்தும் இழை) நின்றால் ஒரு நானோமீட்டர்கூட நகராது, அங்கேயே நிற்கும்.

மூச்சு விடுவதையும் ஒப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் தானாகப் பரவி 10 மைக்ரான் கடக்க ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 10 செ.மீ. கடக்க ஏறக்குறைய ஒரு மாதம்! நீர்நாய்க்கு நுரையீரலும் ரத்தஓட்டமும் வேண்டியிருப்பது அதனால்தான்.

ஓட்டேரி:
பாசிக்கு: பச்சையாக இருக்கும் குட்டைத் தண்ணீரை ஜாடியில் எடுத்து, கருப்புத் தாளைச் சுற்றி ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து ஜன்னலோரம் வையுங்கள். நேர்வெயில் வேண்டாம், வேலூர் சித்திரை வெயிலில் ஜாடி சூடேறிச் செத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிச்சப் பக்கம் பச்சை சேரும், அங்கே சொட்டான் வைத்து எடுங்கள். குழாய்த் தண்ணீரைக் கலக்காதீர்கள், குளோரின் கொன்றுவிடும். சொட்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியின் (கவர் ஸ்லிப்) ஓரத்தில் வாஸ்லின் தடவினால் சீக்கிரம் காயாது. உடம்பை நீட்டிச் சுருக்கினால் அது யூக்ளினா என்ற வேறொரு ஒற்றைச் செல் உயிரி. கிளாமிடோமோனாஸ் வடிவம் மாறாது, கசையிழையும் இரண்டு.

காட்பாடி அறிவியல்:
40 எக்ஸ் லென்ஸிலும் கசையிழை தெரியவில்லையே?

ஓட்டேரி:
டயாபிரத்தை (நுண்ணோக்கி மேடைக்குக் கீழே வெளிச்சம் வரும் துளை) குறுக்குங்கள். அதற்கும் தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அயோடின். ஓட்டம் நின்று இழை துலங்கும், ஸ்டார்ச் கருநீலமாகும். ஓடுவதை முதலில் படம்பிடித்துவிட்டுச் சொட்டு விடுங்கள்.

பாலாற்று மணல்:
பாசிக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிக்கு விளக்கெண்ணெய் போதும். மூன்று நான்கு செ.மீ. பொம்மைக்கு விறைப்பான வால் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் தண்ணீரில் போகும், எண்ணெயில் நின்ற இடத்திலேயே துடிக்கும். வந்த வழியே திரும்பும் அசைவு அங்கே பலிக்காது. பாசி கசையிழையை நீட்டித் தள்ளி, மடக்கித் திருப்புவது அதற்காகத்தான். சுருள் கம்பியை ரப்பர் பேண்டால் சுழற்றினால் எண்ணெயிலும் மெதுவாக முன்னேறும். சூட்டில் எண்ணெய் இளகிவிடும், காலையிலேயே காட்டுங்கள்.