கனடாவில் ஆஸ்பத்திரி: சூப்பர் விசாவில் வந்த பெற்றோருடன் உங்கள் அனுபவம்?

வடமராட்சியான்:
சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் விசா) வந்திருந்த அப்பாவுக்கு இரவில் நெஞ்சு நோ. எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி உடனே எடுத்தார்கள், அதில் குறை இல்லை. அப்பா சட்டை திறந்தபடி, நெஞ்சில் வயர்களோடு கிடக்கிறார்; பதிவு செய்கிற பெண் கார்டு மெஷினோடு கட்டிலடிக்கே வந்துவிட்டார். ஓஹிப் (ஒண்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால் முற்பணம் கட்டவேண்டுமாம். அப்பா மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு இப்ப ஒண்டும் இல்லை, வா வீட்டை போவம்" என்று வயரைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: பிரஷர் குளிசையின் அளவு கடைசியாக எப்போது மாறியது? வருவதற்கு முந்திய மாதம்தான் கூட்டியிருந்தார்கள். க்ளெய்ம் போச்சு.

பிராம்ப்டன்வாசி:
ஓஹிப் இருந்தால் மட்டும் என்ன வாழுகிறது? முன்பதிவில்லாமல் போகிற வாக்-இன் கிளினிக்கில் மனைவி தலைசுற்றலைச் சொல்லிவிட்டு முழங்கால் வலி என்று ஆரம்பித்ததும் டாக்டர் சுவரைக் காட்டினார். ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினைதான் என்று ஒட்டிவைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு வேறொரு நாள் வரவேண்டுமாம்!

ராஜிமணி:
@வடமராட்சியான், அந்தப் பெண் தன் வேலையைத்தான் செய்தார். உயிருக்கு ஆபத்து என்றால் ஒண்டாரியோ ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்ப முடியாது, சட்டமே இருக்கிறது. பில் வரும், அது வேறு. என் மாமியாருக்கும் இப்படித்தான், கட்டினோம்.

எல்லோருக்கும் சொல்கிறேன். குறைந்தது ஒரு லட்சம் டாலர் கவரேஜ் விசாவுக்குக் கட்டாயம் என்பதால் மலிவான பாலிசியாகத் தேடுகிறோம். 'ஸ்டேபிள்' காலம், அதாவது பழைய நோயும் மருந்தும் மாறாமல் இருக்கவேண்டிய காலம், 90 நாளா, 180 நாளா என்று யார் பார்க்கிறார்கள்? மாத்திரையைக் கூட்டினால் மட்டுமல்ல, பல பாலிசிகளில் குறைத்தாலும் கணக்கு முதலிலிருந்துதான். டிக்கெட் போடும் முன் ஊர் டாக்டரிடம் மருந்துச் சீட்டைத் தேதியோடு வாங்கிவிடுங்கள். சுகர், பிரஷருக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள். ஓஹிப் இல்லாதவர்களையும் பார்க்கிற கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்கள் இருக்கின்றன. இரவில் சந்தேகம் என்றால் 811க்கு போன் பண்ணுங்கள், நர்ஸ் பேசுவார். அப்புறம், புதிதாக பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) பெற்று வந்தவர்களுக்கு ஓஹிப்புக்கு மூன்று மாதக் காத்திருப்பு என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அதை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள்.

வடமராட்சியான்:
அக்கா, காசு கேட்டது பிழை என்று நான் எங்கே எழுதினேன்? மகன் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் அல்லவா?