பழைய ஐ5-2500கே: ஹட்டன் குளிரில் 4.4 கிகாஹேர்ட்ஸ் ஓட்டலாமா?

ஹட்டன்_எடிட்:

அண்ணன்மாருக்கு வணக்கம். ப்ரொசெசர் இன்டெல் ஐ5-2500கே, போர்ட் பி67 சிப்செட், டிடிஆர்3 1333 ரேம் 8 ஜிபி, விண்டோஸ் எஸ்எஸ்டியில இருக்கு. பவர் சப்ளையில 500 வொட்னு ஸ்டிக்கர். கூலர் ப்ரொசெசரோட பெட்டியில வந்ததுதான். கல்யாண வீடியோ ரெண்டர் போட்டா நாலு கோரும் 100 சதவீதத்துல நிக்குது. புது மெஷின் வாங்க இப்ப வழியில்ல.

இதை 4.4 வரைக்கும் ஓவர்க்ளொக் பண்ணலாம்னு, அதாவது கம்பனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டலாம்னு, பல இடத்துல எழுதியிருக்காங்க. இங்க அறையே காலையில 17 டிகிரிதான். இந்தக் குளிருக்குக் கூலர் மாத்தாம ஏத்தலாமா? கேஸோட பக்கத் தகட்டைக் கழட்டி ஜன்னலோரம் வெச்சா இன்னும் நல்லதா? சாயந்தரம் ஆறரைக்கு மேல கரண்ட் டிம் ஆகும். 650 விஏ யூபிஎஸ் ஒன்னு இருக்கு. போர்டை எரிச்சிடாம எப்படிச் செய்றதுன்னு சொல்லுங்க.

நுவரெலியா_குளிர்:

தம்பி, குளிர் உங்களுக்குத் துணைதான். ஆனா அதை நம்பி வோல்டேஜைக் கூட்டிடாதீங்க. சூட்டுக்கு இந்தச் சிப்புக்குள்ளேயே காவல் இருக்கு: 98 டிகிரியைத் தொட்டதும் தானா வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறினா அணைஞ்சிடும். வோல்டேஜுக்கு அந்த மாதிரி காவல் கிடையாது. 1.45 வோல்ட் கொடுத்து 55 டிகிரியில ஓடினாலும் உள்ள இருக்கிற நுண்ணிய உலோகத் தடங்கள் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். முதல்ல 1.28ல நின்ன வேகம், கொஞ்ச காலம் போனதும் 1.32 கேட்கும், அப்புறம் 1.36. மலைநாட்டுல ஆட்கள் ஏமாறுறது இங்கதான். டெம்பரேச்சர் குறைவாத்தானே இருக்குன்னு வோல்டேஜை ஏத்திக்கிட்டே போறாங்க.

உயரத்தையும் கணக்குல எடுக்கணும். நுவரெலியா 1868 மீட்டர். கடல் மட்டத்தை விட இங்க காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு லேசு. ஹட்டன்ல எட்டில் ஒரு பங்கு. அதே ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அள்ளிட்டுப் போற சூடு குறையும். கொழும்புல அறை வெப்பத்துக்கு மேல 40 டிகிரி ஏறுற கூலர் உங்க இடத்துல 43, 44 ஏறும்னு வைங்க. அறை 17 டிகிரியா இருக்கிறதால மொத்தத்துல லாபம் உங்களுக்குத்தான், ஆனா பலர் நினைக்கிற அளவு லாபம் இல்ல. ஜன்னலை மூடிக்கிட்டு ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டா அறையும் 17ல நிக்காது.

இனி கூலர். பெட்டியில வந்த இன்டெல் கூலரோட 3.8 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல வேணாம். 4.2 வேணும்னா 120 மில்லிமீட்டர் ஃபேன், நாலு ஹீட்பைப் உள்ள டவர் கூலர் வாங்குங்க. உங்க ப்ரொசெசர் உட்கார்ற 1155 சொக்கெட்டின் கூலர் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர்; 1150, 1151, 1200 எல்லாத்துக்கும் அதே அளவுதான். அதனால அவற்றுக்கு விக்கிற கூலர் உங்க போர்டுக்கும் பொருந்தும். 1700க்கு மட்டும்னு வர்றது 78, பொருந்தாது.

ப்ரொசெசருக்கும் கூலருக்கும் இடையில பூசுற பேஸ்ட் பட்டாணி அளவு, நடுவுல ஒரே பொட்டு. பழசைத் துடைக்க ஐசோப்ரொபைல் அல்கஹோல் வாங்குங்க. பார்மசியில சர்ஜிகல் ஸ்பிரிட்னு தர்றதுல சிலதுல எண்ணெய் கலந்திருக்கும், அது மேல்தகட்டுல படலமா ஒட்டிக்கும்.

ஏத்துறதுக்கு முன்னாடி எல்லா செட்டிங்கும் பழைய நிலையில இருக்கும்போதே ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ரெண்டு சுற்று ஓட்டுங்க. ரேம் ஏற்கெனவே கெட்டிருந்தா பின்னாடி வர்ற ஒவ்வொரு பிழைக்கும் ப்ரொசெசரைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. சொக்கெட்டைச் சுத்தியிருக்கிற கெப்பாசிட்டர் தலை எதுவும் உப்பலா இருந்தா ஓவர்க்ளொக் எண்ணத்தையே விட்டுடுங்க. பயோஸ் பேட்டரி, 3 வோல்ட் சிஆர்2032, புதுசா ஒன்னு போடுங்க. வயசான போர்டுல அது செத்திருந்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் செட்டிங் அழிஞ்சு போகும்.

பயோஸ்ல முதல்ல டிஃபோல்ட் ஏத்துங்க. பேஸ் க்ளொக் (அடிப்படைத் துடிப்பு) 100 மெகாஹேர்ட்ஸ், அதைத் தொடவே கூடாது. சாட்டா (டிஸ்க் இணைப்பு), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்ட் இணைப்பு) ரெண்டும் இந்தத் தலைமுறையில அதே க்ளொக்லதான் ஓடுது. 105க்கு மேல தள்ளினா டிஸ்க்ல எழுதுறதே பழுதாகலாம், எடிட் பண்ணின கல்யாணமே போயிடும். மாத்த வேண்டியது டர்போ மல்டிப்ளையர் (பேஸ் க்ளொக்கைப் பெருக்குற எண்; 42 போட்டா 4.2 கிகாஹேர்ட்ஸ்) மட்டும்தான். ரேம் 1333, 1.5 வோல்ட்லயே இருக்கட்டும். கோர் வோல்டேஜை ஓட்டோவுல விடாதீங்க. பல போர்ட் ஓட்டோவுல தேவைக்கு மேல 1.4 வரைக்கும் தானா ஏத்திடும். கையால 1.25 போட்டு, சுமையில வோல்டேஜ் இறங்காமப் பார்த்துக்கிற லோட் லைன் கலிப்ரேஷனை நடு நிலையில வைங்க. உச்சத்துல வெச்சா சுமை இறங்குற நொடியில வோல்டேஜ் நீங்க போட்டதுக்கு மேல துள்ளும்.

மல்டிப்ளையர் 38ல தொடங்குங்க. ப்ரொசெசரை முழுச் சுமையில சோதிக்கிற ப்ரைம்95ல ஸ்மோல் எஃப்எஃப்டி டெஸ்ட் பத்து நிமிஷம், பக்கத்துல எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து ஒவ்வொரு கோரோட சூட்டையும் பாருங்க. பிழையில்லாம ஓடுச்சுன்னா 39, 40, இப்படி ஒவ்வொன்னா. விழுந்தா 0.01 வோல்ட் கூட்டி அதே எண்ல திரும்ப ஓட்டுங்க. எந்தக் கோரும் 75 தாண்டக் கூடாது, வோல்டேஜ் 1.35 தாண்டக் கூடாது. ரெண்டுல எது முதல்ல வருதோ அங்க நிறுத்திடுங்க. கடைசியா, ரேமையும் சேர்த்துச் சோதிக்கிற ப்ரைம்95 பிளெண்ட் டெஸ்ட் ஒரு ராத்திரி முழுக்க.

4.4, 4.5 எல்லாம் வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் கணக்குதான். சூடு வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். நாலு கோரும் ஓடும்போது உங்க சிப்போட இயல்பு வேகம் 3.4, வோல்டேஜ் 1.20னு வைங்க. 4.2க்கு 1.28 ஆனா வேகம் 24 சதவீதம் கூடும், சூடு 40 சதவீதம் கூடும். 4.5க்கு 1.38 தேவைப்பட்டா வேகம் 32, சூடு 75. கடைசி 300 மெகாஹேர்ட்ஸ் ரெண்டர்ல 7 சதவீதம்தான் மிச்சம் பண்ணும். அதுக்குப் போர்டோட பவர் பகுதியை வேக வெக்கணுமா?

தலவாக்கலை_கரண்ட்:

மேல சொன்னதோட கரண்ட் விஷயத்தையும் சேர்த்துப் பாருங்க, ஏன்னா இங்க பாதிப் பேர் அதைத்தான் ஓவர்க்ளொக் பிழைனு நினைக்கிறாங்க.

பவர் சப்ளை ஸ்டிக்கர்ல இன்புட் வரியைப் படிங்க. 100-240னு இருந்தா சாயந்தரம் லைன் 190க்கு விழுந்தாலும் சமாளிக்கும். 200-240னு இருந்தா, இல்லாட்டி பின்னாடி 115/230 சிவப்பு சுவிட்ச் இருந்தா, அது பழைய வகை. லைன் 200க்குக் கீழ போகும்போது முழுச் சுமையில 12 வோல்ட் தளரும். ஆறரை மணிக்கு ரெண்டர் ஓட விட்டு, மல்டிமீட்டரை மொலெக்ஸ் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவுல பிடிங்க. 11.4க்குக் கீழ காட்டினா ஓவர்க்ளொக்குக்கு முன்னாடி பவர் சப்ளையை மாத்துங்க. அந்த மீட்டரை பிளக் பொயின்ட்டுக்குக் கொண்டு போகாதீங்க, அதுக்குப் பழகின ஆள் வேணும். லைன் வோல்டேஜை யூபிஎஸ் டிஸ்ப்ளேயிலயே பார்க்கலாம்.

யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லிசெக்கன் வரைக்கும் எடுக்கும். நல்ல பவர் சப்ளை 16, 17 மில்லிசெக்கன் தாங்கும். உள்ள கெப்பாசிட்டர் காய்ஞ்சு போனது தாங்காது. யூபிஎஸ் டிக்னு சொன்ன உடனே மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஓவர்க்ளொக் பண்ணினா இழுக்கிற கரண்ட் கூடும், அந்த இடைவெளி இன்னும் சுருங்கும்.

எது யாரோட குற்றம்னு கண்டுபிடிக்க விண்டோஸோட பிழைப் பதிவான ஈவென்ட் வியூவர் திறங்க. கேர்னல்-பவர் 41க்குள்ள பக்செக் கோட் 0னு இருந்து, அதே நேரத்துல யூபிஎஸ்ஸும் சத்தம் போட்டிருந்தா பெரும்பாலும் கரண்ட். 292 அல்லது 257னு இருந்தா கோர் வோல்டேஜ் பத்தல. நீலத் திரையில அதுவே 0x124, 0x101னு வரும். மெஷின் விழாமலே வீயா-லொகர் 19னு (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) மஞ்சள் எச்சரிக்கை வந்துக்கிட்டே இருந்தாலும் வோல்டேஜ் விளிம்புல நிக்குதுன்னுதான் அர்த்தம். ப்ரைம்95 பாஸ் ஆச்சேன்னு அதை விட்டுடாதீங்க.

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர்ல மத்தியானத்துக்கு மேல இடி இடிக்கிற நாள்ல ராத்திரி டெஸ்ட் வேணாம். பிளக்கையும் நெட் கேபிளையும் கழட்டிடுங்க.

பண்டாரவளை_775:

பக்கத் தகட்டைப் பத்தி யாரும் சொல்லல. மூடியே வைங்க. ஜன்னலோரம் வேண்டவே வேணாம். ஓடிக்கிட்டிருக்கிற ஹீட்சிங்க் அறையை விடச் சூடா இருக்கிறதால அதுல பனி கோர்க்காது. அணைச்சு வெச்சிருக்கிற நேரம்தான் பிரச்சினை: மூடுபனி உள்ள வந்து ஃபின்ல இருக்கிற தூசியை ஈரமாக்கும். விறகடுப்புப் புகை வர்ற வீடுன்னா தூசியில பிசுக்கும் சேரும். ரெண்டு மாசம் கழிச்சு ஃபேனைக் கழட்டிப் பாருங்க, ஃபின் மேல கம்பளி ஒட்டின மாதிரி ஒரு சாம்பல் பாய் படிஞ்சிருக்கும். ஊதினா போகாது. காய்ஞ்ச பெயின்ட் பிரஷால ஃபின் போற திசையிலயே தள்ளணும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விடாதீங்க.

இன்னொன்னு, பி67 போர்ட்ங்கிறதால சொல்றேன். அந்த சிப்செட்ல 3 ஜிகாபிட் சாட்டா போர்ட் நாளடைவுல கெடும்னு 2011 ஜனவரி 31ல இன்டெல்லே அறிவிச்சுது. பழுதுள்ள பதிப்பு பி2, திருத்தின பதிப்புதான் பி3. உங்களது பி2 ஆனா எஸ்எஸ்டியையும் வீடியோ டிஸ்க்கையும் சிப்செட்டோட ரெண்டு 6 ஜிகாபிட் போர்ட்லயே மாட்டுங்க.

ஹட்டன்_எடிட்:

ரொம்ப நன்றி. பவர் சப்ளை 100-240னு போட்டிருக்கு, முழுச் சுமையில மீட்டர் 11.9 காட்டுது. போர்ட் பி3. டவர் கூலர் மாட்டி 42ல 1.27 வெச்சேன், அதிகபட்சம் 66 டிகிரி. பிளெண்ட் ஒரு ராத்திரி ஓடுச்சு, வீயா எச்சரிக்கை ஒன்னும் இல்ல. ரெண்டு சந்தேகம். சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் 1.27லயே நிக்குது. ஸ்லீப்ல போட்டா திரும்ப எழும்புறதில்ல, ஃபேன் மட்டும் சுத்துது.

நுவரெலியா_குளிர்:

ஸ்லீப் பிரச்சினைக்கு பயோஸ்ல இன்டெர்னல் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ்ங்கிற செட்டிங்கை டிசேபிள் பண்ணுங்க. அது 4.5க்கு மேல போறவங்களுக்கு, உங்களுக்குத் தேவையில்ல. வோல்டேஜுக்கு மெனுவலை எடுத்துட்டு ஒப்செட் (ப்ரொசெசர் தானாக் கேட்கிற வோல்டேஜோட கூட்டுற, கழிக்கிற அளவு) போடுங்க. முதல்ல 0.005 மட்டும் கூட்டி, முழுச் சுமையில சிபியு-இசட் என்ன காட்டுதுன்னு பாருங்க. 1.27க்கு மேல போனா ஒப்செட்டை மைனஸ் பக்கம் கொண்டு போங்க. சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைக்கிற சி1ஈ, ஸ்பீட்ஸ்டெப் ரெண்டும் எனேபிள்ல இருக்கணும். அப்போ சும்மா இருக்கும்போது 1600 மெகாஹேர்ட்ஸ், 1 வோல்ட் பக்கம் இறங்கிடும். ஒப்செட் மாத்தினதும் பிளெண்ட் திரும்ப ஒரு ராத்திரி, அதோட அரை மணி நேரம் சுமையே இல்லாமலும் விட்டுப் பாருங்க. மைனஸ் அதிகமா போனா ரெண்டர்ல விழாத மெஷின் சும்மா இருக்கும்போது விழும்.