ஆடாசிட்டி பழக, புதியவருக்கு ஏற்ற கையேடு எது?

வாசிப்புக்குரல்:
வணக்கம். சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்து, பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் கேட்பதற்குக் கொடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒலியைப் பதிந்து தொகுக்கும் மென்பொருளான ஆடாசிட்டி 3.4 போட்டிருக்கிறேன். பதிவு நன்றாகவே ஆகிறது. எடிட் செய்ய உட்கார்ந்தால்தான் திணறல்.

இலவசமாகக் கிடைத்த ஒரு பிடிஎஃப் கையேட்டைப் பார்த்துப் பழகுகிறேன். துண்டுகளை நகர்த்த 'டைம் ஷிஃப்ட் டூல்' என்ற இருமுனை அம்பை எடு என்கிறது. என் திரையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இரைச்சலை நீக்க 'எஃபெக்ட்' மெனுவில் 'நாய்ஸ் ரிமூவல்' எடு என்கிறது. அதுவும் அங்கே சொன்னபடி இல்லை. மென்பொருளைத் தவறாக நிறுவிவிட்டேனா? வீடியோ பாடங்களின் வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்க ஒரு நல்ல கையேடு சொல்லுங்கள்.

ஒலிவேலை:
நிறுவியதில் ஒரு தவறும் இல்லை. உங்கள் கையேடுதான் பழையது. டைம் ஷிஃப்ட் டூலை 2021-இல் வந்த 3.1 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒரு மெல்லிய பட்டை இருக்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால் கை வடிவம் வரும், அப்படியே பிடித்து இழுக்கலாம். துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது சுருங்கும். சுருங்கிய பகுதி அழிவதில்லை, திரும்ப இழுத்தால் வந்துவிடும். பழக ஆரம்பிப்பவருக்கு இது பெரிய தைரியம்.

'நாய்ஸ் ரிமூவல்' 2015-இலேயே 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று பெயர் மாறிவிட்டது. 3.2-க்குப் பிறகு எஃபெக்ட்களை வகை வகையாகப் பிரித்துவிட்டதால், 'நாய்ஸ் ரிமூவல் அண்ட் ரிப்பேர்' என்ற உள்மெனுவைத் திறந்தால் கிடைக்கும்.

எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். படங்களில் ப்ராஜெக்ட் கோப்பின் பெயர் வெறும் 'ஏயுபி' என்று முடிந்து, பக்கத்தில் 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தால், அது 3.0-க்கு முந்தையது. அதற்கப்புறம் எல்லாமே 'ஏயுபி3' என்ற ஒரே கோப்புதான்.

என் பரிந்துரை, ஆடாசிட்டியின் சொந்தக் கையேடு. 'ஹெல்ப்' மெனுவில் 'மேனுவல்' என்று இருக்கிறது. பலரும் அதைத் திறந்து பார்க்காமலேயே வெளியே தேடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். மொத்தமாகப் படிக்க வேண்டாம், மிரண்டுவிடுவீர்கள். 'டூர் கைடு' பக்கத்தில் முழுத் திரையின் படம் இருக்கும், எந்தப் பகுதியைச் சொடுக்கினாலும் அதன் விளக்கம் வரும். அப்புறம் 'டுடோரியல்ஸ்' பகுதியில் மூன்று போதும்: முதல் பதிவு, இருக்கும் கோப்பைத் தொகுப்பது, குரலோடு பின்னணி இசை சேர்ப்பது. கதை வாசிப்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

அலைக்கோடு:
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தக் கையேடு எந்தப் பொத்தான் எங்கே என்று சொல்லும். எந்த நேரத்தில், எவ்வளவு என்பதற்கு ஒலிப்பதிவின் அடிப்படையைச் சொல்லும் புத்தகம் ஒன்றும் வேண்டும். அது பழையதாக இருந்தாலும் பாதகமில்லை, மெனு மாறினாலும் ஒலியளவைச் சொல்லும் டெசிபெல் மாறப் போவதில்லை.

வாங்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்கள். 'ஃபைல் மெனு', 'எடிட் மெனு', 'வியூ மெனு' என்று அத்தியாயங்கள் போனால் வைத்துவிடுங்கள், அது அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிப்பதுபோல ஆகிவிடும். 'உரையாடலில் தடுமாறிய இடங்களை வெட்டுதல்', 'மூச்சுச் சத்தத்தைக் குறைத்தல்' என்று வேலையை வைத்துப் பிரித்திருந்தால் எடுக்கலாம். பிறகு சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை மாதிரிகளாக எடுப்பது என்ற கணக்கு) பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். '44100 வையுங்கள்' என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் போதாது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பதிய இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும், அதனால்தான் அந்த எண் என்று விளக்கினால், மற்ற இடங்களிலும் காரணம் சொல்லும் புத்தகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ரீப்பர் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கு அதன் தளத்திலேயே நல்ல பயனர் கையேடு இலவசமாக உண்டு. ஆனால் நானூறு பக்கத்துக்கு மேல். தனிக் குரல் வாசிப்புக்கு இப்போது அது தேவையில்லை.

இரவுப்பதிவு:
ஒரு சின்னக் குறிப்பு. ஆடாசிட்டியின் திரையைத் தமிழுக்கு மாற்றும் வசதி 'ப்ரெஃபரன்சஸ்' உள்ளே 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் இருக்கிறது. ஆங்கிலக் கையேட்டைப் பின்பற்றும் வரை ஆங்கிலத்திலேயே விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பெயரையும் மனசுக்குள் மொழிபெயர்த்துத் தேட வேண்டிவரும்.

வாசிப்புக்குரல்:
எல்லோருக்கும் நன்றி. மேலே இருக்கும் பட்டையைப் பிடித்து இழுத்தேன், துண்டு நகர்ந்துவிட்டது! டூர் கைடும் பார்த்தேன், இப்போது திரை பயமுறுத்தவில்லை. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மட்டும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஏன்?

ஒலிவேலை:
அளவு அதிகமாகிவிட்டது. பேச்சே இல்லாத, அறையின் சத்தம் மட்டும் உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்து 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' கொடுங்கள். அந்தப் பகுதியில் மூச்சோ, காகிதம் புரளும் சத்தமோ கலந்திருக்கக் கூடாது. பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து, குறைப்பு அளவை 6 டெசிபெல்லில் வைத்துக் கேளுங்கள். போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், 12-ஐத் தாண்டும்போது கவனமாக இருங்கள். இரைச்சல் முழுதும் போக வேண்டியதில்லை, கதையைக் கேட்பவர் கவனம் சிதறாத அளவுக்குக் குறைந்தால் சரி. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சில நொடி பேசாமல் இருந்து பழகுங்கள், ப்ரொஃபைல் எடுக்கச் சுத்தமான பகுதி கிடைக்கும்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெசர் போடுவதாக இருந்தால் இதை முடித்த பிறகு போடுங்கள். கம்ப்ரெசர் போட்டு ஒலியளவைத் தூக்கும்போது, மெல்லிய இரைச்சலும் கூடவே எழும்.

அலைக்கோடு:
அதோடு, பதியும்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லுக்கும் மைனஸ் 6-க்கும் இடையில் இருக்கட்டும். 0-வைத் தொட்டு அலையின் தலை தட்டையாகிவிட்டால் எந்தக் கையேடும் அதை முழுதாக மீட்டுத் தராது, அந்த வரியைத் திரும்ப வாசிப்பதுதான் நல்லது. தடுமாறினால் நிறுத்த வேண்டாம். பதிவு ஓடும்போதே கண்ட்ரோலோடு 'எம்' எழுத்தை அழுத்தினால் அந்த இடத்தில் லேபிள் விழும், வரியை மறுபடி வாசித்துத் தொடருங்கள். வெட்ட வேண்டிய இடங்களைத் தேடி அலைய வேண்டாம்.

வாசிப்புக்குரல்:
லேபிள் விஷயம் அருமை. கடைசியாக ஒன்று. முடித்த கதையை 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுத்துத் தோழிக்கு அனுப்பினேன், அவர் போனில் திறக்கவில்லை.

இரவுப்பதிவு:
'சேவ் ப்ராஜெக்ட்' தருவது ஏயுபி3 கோப்பு, அது ஆடாசிட்டிக்கு மட்டுமே புரியும். அனுப்ப 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆடியோ' போய் எம்பி3 தேர்ந்தெடுங்கள், ஒற்றைக் குரலுக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) போதும். தரம் குறையாத வேவ் வடிவில் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது மாற்ற நினைத்தால் ஏயுபி3-யையோ வேவையோ திறந்து மாற்றுங்கள். எம்பி3-யைத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.