புதுப்பிப்பு: டி.இ. ஃபில்டரைக் கழுவி மாட்டியபின் குளத்தில் வெள்ளைத் தூள், காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் நீச்சல் குளத்து டி.இ. ஃபில்டரை (டயட்டோமேசியஸ் எர்த் என்ற வெள்ளைத் தூள் படிந்த துணி வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது) பிரித்துக் கழுவி மாட்டியதும், சுத்தமாகித் திரும்பும் தண்ணீரோடு வெண்புகை மாதிரி தூள் வந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிரிட் (ஃபில்டருக்குள் இருக்கும், துணி போர்த்திய வடிகட்டித் தட்டு) துணிதான் கிழிந்திருக்கும் என்று 8 கிரிட்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒரு ஓட்டைகூட இல்லை. நடுக்குழாயின் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. நசுங்கித் தட்டையாகியிருந்தது, புதியது போட்டு சிலிக்கான் கிரீஸ் தடவினேன்.

எதிர்பாராதது ஒன்று: 8 கிரிட்டில் ஒன்று மட்டும் அகலம் குறைவு, அதை நான் வேறு இடத்தில் செருகியிருந்ததால் பக்கத்து கிரிட் மேனிஃபோல்டில் (எல்லா கிரிட்டும் செருகப்படும் பொது இணைப்பு) முழுதாக உட்காரவே இல்லை. (பிரிக்கும்போதே போட்டோ எடுத்திருக்கலாம், சோம்பல்.)

அப்புறம் மேலே உள்ள காற்று வால்வைத் திறந்து வைத்து மோட்டாரைப் போட்டு, தண்ணீர் பீய்ச்சியதும் மூடினேன். 10 சதுர அடி வடிகட்டும் பரப்புக்கு 1 பவுண்டு டி.இ. தூள் கணக்கில், என் 48 சதுர அடி ஃபில்டருக்கு 5 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தூளை வாளித் தண்ணீரில் கலக்கி ஸ்கிம்மரில் (குளத்து ஓரத்தில் தண்ணீரை ஃபில்டருக்கு இழுக்கும் வாய்) ஊற்றினேன். மாஸ்க் கட்டாயம். ஃபில்டர் அழுத்தம் 22-லிருந்து 11 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஆனது, தூள் வரவில்லை.